பழைய அட்டவணையும் புதிய உலாவியும்

தமிழ்த்துறையின் மலரில் கணிப்பொறிக் கோப்பொன்றைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என வினவுவோர் இருத்தல் கூடும். சீறாப்புராணத்தின் உவமை நலம், குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களில் மெய்ப்பொருள், சங்க இலக்கியத்தில் நெய்தல் என்றாற்போலும் தலைப்புகளுக்கு இடையே இதுவும் ஒன்றாக அமைவதை நாமும் முதலில் தயக்கத்தோடேயே எண்ணினோம். ஆயினும் அக்கோப்பினுள் இருப்பது ஒரு நூற்பட்டியல். நம் பகுதியின் இல்லங்களில் இருந்த பழைய இஸ்லாமியத் தமிழ் நூல்களின் பட்டியல். அதனைப் படிக்க இயலாமற் போனதும், பின்னர் ஓரளவு படிக்க இயன்றதும் தமிழறிவோடு தொடர்புடைய செய்திகளாதலின் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

1998ஆம் ஆண்டில் நம் துறை மாணவர் சிலர் குறிப்பேடும் கையுமாகக் கீழ்வேளூரிலிருந்து புறப்பட்டு நாகூர், நாகப்பட்டினம், திட்டச்சேரி எனக் கிழக்கேயும், அடியக்கமங்கலம், கூத்தாநல்லூர், பொதக்குடி என மேற்கேயும் சென்று, வீடுகளில் இருந்த பழைய அச்சு நூல்களையும் அரபுத்தமிழ் ஏடுகளையும் பார்த்துக் குறித்து வந்தனர். முதலாண்டு மாணவராக நாமும் அவர்களுடன் சென்றதுண்டு. குறித்து வந்தவற்றையெல்லாம் அந்நாளில் துறைக்குக் கிடைத்த ஒரே கணிப்பொறியில், பாக்ஸ்புரோ என்னும் மென்பொருளில் அட்டவணையாகத் தட்டச்சிட்டு இரண்டு நெகிழ்வட்டுகளில் பதிந்து வைத்தனர். நெகிழ்வட்டு என்றால் இன்றைய மாணவர்க்கு விளங்காது. மூன்றரை அங்குலச் சதுரப் பெட்டிக்குள் இருக்கும் காந்தத் தகடு அது. பிளாப்பி என்று வழங்கினோம். குறிப்பேடுகள் ஒரு மழைக்காலத்தில் நனைந்து அழிந்தன. கணிப்பொறி பழுதாகி விலைக்குப் போயிற்று. நெகிழ்வட்டுகள் மட்டும் இரும்பு அலமாரியின் அடித்தட்டில் கிடந்தன.

அவற்றுள் ஒன்றை, வெளியே இணைக்கும் படிப்பான் கொண்டு படியெடுக்க இயன்றது. மற்றொன்றின் தகட்டில் பூஞ்சணம் படர்ந்திருந்தது; அது படிக்கப்படவில்லை. கிடைத்த கோப்பு டிபிஎஃப் என்னும் விரிவு பெற்றது. அதனை இன்றைய கணிப்பொறியில் திறக்க முற்பட்டபோது, எந்த மென்பொருள் கொண்டு திறப்பது எனக் கணிப்பொறி நம்மையே திருப்பிக் கேட்டது.

கோப்பின் வரலாறு

டிபிஎஃப் கோப்பு முறை டிபேஸ் என்னும் மென்பொருளின் வழி வந்தது. அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் பணிபுரிந்த வேய்ன் ராட்லிஃப் என்பார், கால்பந்தாட்டப் பந்தயக் கணக்கு வைத்துக்கொள்ளும் பொருட்டு 1970களின் இறுதியில் வீட்டிலிருந்தபடியே எழுதிய நிரல் அது. ஆஷ்டன்-டேட் என்னும் நிறுவனம் அதனை டிபேஸ்-2 எனப் பெயரிட்டு விற்றது. டிபேஸ்-1 என ஒன்று சந்தைக்கு வரவே இல்லை. இரண்டாவது என்றால் திருந்திய பதிப்பு என மக்கள் நம்புவர் என்பது வணிகரின் கணக்கு. 1984இல் டிபேஸ்-3 வெளிவந்தது. அதன் கோப்பு முறையையே கிளிப்பர், பாக்ஸ்பேஸ், பாக்ஸ்புரோ முதலிய பிற மென்பொருள்களும் மேற்கொண்டன. ஆஷ்டன்-டேட் 1991இல் போர்லாண்டு நிறுவனத்தின் கைக்கும், பாக்ஸ்புரோ 1992இல் மைக்ரோசாப்டின் கைக்கும் மாறின. விஷுவல் பாக்ஸ்புரோவுக்கான ஆதரவினை மைக்ரோசாப்ட் 2015 ஜனவரியில் நிறுத்திவிட்டது.

நம் நாட்டில் 1990களில் சிற்றூர்களிலும் தோன்றிய கணிப்பொறிப் பயிற்சி நிலையங்களில் வேர்டுஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்னும் மூன்றும் பாலபாடமாக இருந்தன. பள்ளிக் கட்டண வரவு, அரிசி ஆலை இருப்பு, கூட்டுறவுச் சங்கக் கடன் என எதுவாயினும் டிபிஎஃப் கோப்பாகவே இருந்த காலம் அது. இக்கோப்பு முறை முற்றிலும் மறைந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. நிலவரைபடங்களைக் கணிப்பொறியில் வைக்கும் ஷேப்ஃபைல் என்னும் முறையில், படத்தில் உள்ள ஒவ்வொரு வயலுக்கும் வாய்க்காலுக்கும் உரிய விவரங்கள் இன்றும் டிபிஎஃப் அட்டவணையிலேயே தங்கியுள்ளன.

ஆயினும் நம் கோப்பினை உருவாக்கிய பழைய பாக்ஸ்புரோ 16 பிட்டுக் காலத்தது. இன்றைய 64 பிட்டு விண்டோஸ் இயங்குதளம் 16 பிட்டு நிரல்களை ஓட்டுவதில்லை. லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் டிபிஎஃப் கோப்பைத் திறக்கும் என்பது உண்மை. ஆனால் நம் தேவை அதனினும் சற்று நுட்பமானது. அதனாலேயே நம் கல்லூரிக் கணிப்பொறித் துறை மாணவர் ஒருவரின் துணையுடன் உலாவியின் வழியே அதனைக் காணும் முறையை மேற்கொண்டோம்.

உலாவி எவ்வாறு படிக்கிறது

உலாவி என்பது இணையப் பக்கங்களைக் காட்டும் கருவி என்றே பலரும் அறிவர். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதற்கு மற்றோர் ஆற்றலும் வாய்த்தது. பயன்படுத்துவோர் தம் கணிப்பொறியில் உள்ள கோப்பொன்றைத் தாமே தெரிவு செய்து காட்டுவாராயின், பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்டு நிரல் அக்கோப்பினைப் பைட்டு பைட்டாகப் படித்துப் பார்க்கும். கோப்பு எந்த வழங்கிக்கும் செல்ல வேண்டுவதில்லை. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டும் இதனைச் செய்யலாம். தனி மென்பொருள் எதனையும் நிறுவ வேண்டுவதில்லை. மாணவர் கையில் உள்ள கைப்பேசியிலும் அதே பக்கம் இயங்கும்.

கோப்பு வெளியே செல்லாமை இங்குப் பெரிதும் நோக்கத்தக்கது. நம் பட்டியலில் நூலை வைத்திருந்தோர் பெயரும் ஊரும் உள்ளன. 'பட்டியலுக்காக' என்று கேட்டே அவற்றைப் பெற்றோம். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கோப்பை ஏற்றினால் இலவசமாகத் திறந்து காட்டுவதாகச் சொல்லும் தளங்கள் பல உண்டு. அவற்றில் ஏற்றிய கோப்பு எங்கே தங்குகிறது, யார் பார்க்கின்றனர் என்பதை நாம் அறிய முடியாது. ஆகவே அவ்வழியை நாடவில்லை.

இனி, கோப்பின் உள்ளமைப்பு. டிபிஎஃப் கோப்பு தலைப்பகுதி, பதிவுகள் என இரு கூறுகளை உடையது. தலைப்பகுதியின் முதல் பைட்டு அது எவ்வகைக் கோப்பு என்பதைச் சுட்டும். நம் கோப்பில் அதன் மதிப்பு 245. குறிப்புக் கோப்பு ஒன்றையும் உடன் கொண்ட பாக்ஸ்புரோ அட்டவணை என்பது அதன் பொருள். அடுத்த மூன்று பைட்டுகள் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நாள்: 98, 12, 4 என்று இருந்தன. ஆண்டுக்கு ஒரே ஒரு பைட்டுத்தான். 1900க்குப் பிறகு எத்தனையாவது ஆண்டு என்பதையே அது குறிக்கும் ஆதலின், 2000க்குப் பிந்திய கோப்புகளில் சில மென்பொருள்கள் 100க்கு மேற்பட்ட எண்ணையும், சில மீண்டும் சுழியிலிருந்தும் எழுதின. நம் கோப்புக்கு அந்தக் குழப்பம் இல்லை.

அதன்பின் வரும் நான்கு பைட்டுகள் பதிவுகளின் எண்ணிக்கை. அவற்றில் 156, 1, 0, 0 என இருந்தன. சிறிய இடமதிப்பு முதலிலும் பெரியது பின்னரும் வரும் முறை இது. ஆகவே 156உடன் 256ஐ ஒரு முறை கூட்டினால் 412. அரபியில் இருபத்து மூன்றை 'மூன்றும் இருபதும்' என்று சொல்லக் கேட்டுப் பழகியோர்க்கு இம்முறை விந்தையாகத் தோன்றாது.

தலைப்பகுதியின் முதல் 32 பைட்டுகள் இவ்வாறு பொதுச் செய்திகளுக்கு உரியவை. அதன்பின் ஒவ்வொரு புலத்துக்கும் 32 பைட்டுகள் வீதம் அதன் பெயர், வகை, அகலம் ஆகியன தரப்படும். புலத்தின் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகலாகாது; அதுவும் ஆங்கில எழுத்தாக இருத்தல் வேண்டும். நம் அட்டவணையில் ஏழு புலங்கள்: வரிசையெண் 4 இடம், நூற்பெயர் 60, ஆசிரியர் 40, பதிப்பாண்டு 4, ஊர் 20, உடையவர் 40, குறிப்பு 10. ஏழு புலங்களுக்கும் 224, பொதுப்பகுதி 32, முடிவைக் காட்டும் ஒன்று, ஆகத் தலைப்பகுதி 257 பைட்டு. புலங்களின் கூட்டு அகலம் 178. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அடையாளப் பைட்டு ஒன்று இருப்பதால் பதிவு ஒன்றுக்கு 179. பத்தாம் பதிவு வேண்டுமெனில் 257உடன் ஒன்பது 179களைக் கூட்டி, 1868 பைட்டுகளைத் தாண்டினால் அங்கே நிற்கும். பெயர் சிறிதாயினும் பெரிதாயினும் இடம் ஒன்றே. மிஞ்சிய இடம் வெற்றிடமாக நிரப்பப்படும். வரப்பெடுத்து ஒரே அளவில் பாத்தி கட்டிய வயல் போன்றது இவ்வமைப்பு. நாற்பதாண்டுகள் கழிந்தும் இக்கோப்பு முறை எளிதில் படிக்கப்படுவதற்கு இந்த ஒழுங்கே காரணம். மாணவர் எழுதிய நிரல் நூறு வரிக்குள் அடங்கிவிட்டது.

எழுத்துச் சிக்கல்

கட்டங்கள் தோன்றின. 412 வரிசைகளும் தோன்றின. பதிப்பாண்டுப் புலத்தில் 1887, 1903 என எண்கள் ஒழுங்காக நின்றன. ஆனால் நூற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் பொருளின்றிக் கலந்து கிடந்தன. கோப்பு கெட்டுவிட்டது என்றே கணிப்பொறித் துறையினர் முதலில் கருதினர்.

கோப்பு கெடவில்லை. அந்நாளில் தமிழைக் கணிப்பொறியில் எழுதிய முறை அவ்வாறு இருந்தது. கணிப்பொறி எழுத்துக்களைச் சேமிப்பதில்லை, எண்களையே சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்பதற்கு ஓர் உடன்பாடு வேண்டும். 1990களில் தமிழுக்கு அத்தகைய பொது உடன்பாடு நடைமுறையில் இல்லை. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணையே வைத்துக்கொண்டு, அதன் வடிவத்தை மட்டும் தமிழ் எழுத்தாக வரைந்த எழுத்துருக்கள் பலவாறாகப் பெருகின. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி தாம், தாப் என்னும் குறியேற்றங்கள் முன்வைக்கப்பட்டன. இணையவழித் தமிழர்கள் திஸ்கி என்னும் முறையை வகுத்து வழங்கினர். யுனிகோடு முறையில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டதாயினும், 2010 ஜூன் மாதத்தில்தான் தமிழ்நாடு அரசு அதனைத் தன் தரமாக ஆணையிட்டு ஏற்றது. நம் பட்டியலோ 1998இன் பிள்ளை.

டிபிஎஃப் கோப்பின் தலைப்பகுதியில் மொழிக்குறியீட்டுக்கென ஒரு பைட்டு உண்டு. ஆனால் தமிழ் எழுத்துரு எதற்கும் அதில் எண் ஒதுக்கப்படவில்லை. ஆகவே கோப்பு தன்னை மேலைநாட்டு எழுத்தில் அமைந்ததாகவே அறிவித்துக்கொள்கிறது. எழுத்துருவின் பெயரும் அதில் இல்லை. உலாவிகள் அறிந்த குறியேற்றப் பட்டியலிலும் இந்திய மொழிகளின் பழைய முறைகள் எவையும் இடம்பெறவில்லை. அரபி எழுத்தை ஓதத் தெரிந்தும் தமிழறியாத ஒருவரிடம் அரபுத்தமிழ் நூலைக் கொடுத்தால் என்னவாகும்? எழுத்தைக் கூட்டுவார், பொருள் விளங்காது. உலாவியின் நிலையும் அதுவே.

இவ்விடத்தில் நமக்கு வழி காட்டியவர் துறையின் மூத்த அலுவலர் ஒருவர். இளமையில் தமிழ்த் தட்டச்சுத் தேர்வு எழுதியவர். திரையைச் சற்று நோக்கியவர், மேசையின்மீது விரல்களை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, 'ஐயா, இது தமிழ்தான். விரலுக்குத் தெரிகிறது' என்றார். ஆங்கிலப் பலகையில் ஏ, எஸ், டி, எஃப் என்னும் விசைகள் இருக்குமிடத்தில் தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ய, ள, ன, க என வரும். அவ்விசையமைப்பைப் பெரும்பாலும் பின்பற்றிய பாமினி முறை எழுத்துருவில் நம் பட்டியல் அமைந்திருந்தது. அம்முறையில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகச் சேமிக்கப்படும். அரைப்புள்ளி இருக்குமிடத்தில்தான் நம் மெய்யெழுத்தின் புள்ளி.

ஒவ்வோர் எண்ணுக்கும் நேரான தமிழ் எழுத்தை எழுதிப் பொருத்தப் பட்டியல் ஒன்றை ஆயத்தம் செய்து நிரலுக்கு அளித்தோம். அதனோடு வேலை முடிந்துவிடும் என எண்ணியது பிழை. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் எழுத்தைச் சேமித்தன. யுனிகோடு ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. 'கொடை' என்னும் சொல்லைப் பழைய முறை கொம்பு, ககரம், கால், ஐகாரச் சங்கிலி, டகரம் என வைத்திருக்கும். யுனிகோடு முறையில் ககரம் முன்னும் ஒகரக் குறி அதன் பின்னும், டகரம் முன்னும் ஐகாரக் குறி அதன் பின்னும் வரவேண்டும். கொம்பை மெய்க்குப் பின்னே தள்ளி, கால் இருந்தால் இரண்டையும் ஒன்றாக்கும்படி விதி எழுதினோம். இது செய்யாதவரையில் அகரவரிசைக்கும் பொருளில்லை. கொம்பில் தொடங்கும் 'பெண் புத்தி மாலை'யும் 'செய்யுள்' என்னும் சொல்லும் 'கொடை'யும் ஒரே குவியலாகக் கிடக்கும்.

அடுத்து வந்தது ஔகாரம். பழைய எழுத்துருவில் ஔகாரக் குறிக்குத் தனி எண் இல்லை. கொம்பு, மெய், அதன்பின் ளகரம் என்றே எழுதினர். எனவே 'மௌலவி' என்பதன் முதலெழுத்தும், 'தெளிவு' என்பதில் உள்ள தெகர ளகரமும் ஒரே அமைப்பில் நிற்கும். இயந்திரம் எல்லாவற்றையும் ஔகாரமாக்கினால் 'வெள்ளி' என்பது வகர ஔகாரத்தின்மேல் புள்ளி ஒன்று தொங்கும் வடிவம் பெறுகிறது; எதையும் ஆக்காது விட்டாலோ மௌலவியும் மௌலிதும் மௌனமும் 'மெள' எனப் பிரிந்து நிற்கும். ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வருமாயின் அது ளகரமே. வாராதாயின் ஔகாரம் எனக் கொள்க என்பதாக ஒரு நூற்பா வகுத்தோம். மாணவர் அதனை நிரலாக்கினார். பட்டியல் முழுதும் பார்த்தவரையில் அது பிழைக்கவில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு; அது நம் சமுதாயத்தைத் தனியே தொடுவது. ஜகரத்துக்குச் சதுர அடைப்பின் தொடக்கக் குறியும், ஸகரத்துக்கு அதன் முடிவுக் குறியும் அவ்வெழுத்துருவில் வழங்கப்பட்டிருந்தன. வேண்டாத குறிகளை நீக்கித் தரவைத் தூய்மை செய்தல் என்பது கணிப்பொறித் துறையினரின் நல்ல பழக்கங்களுள் ஒன்று. முதன்முறை நம் கோப்புக்கும் அத்தூய்மை நடந்தேறியது. விளைவு, 'ஜமால்' என்னும் பெயர் முன்னடைப்பையும் பின்னுள்ள அரைப்புள்ளியையும் இழந்து 'மால' என்று வந்தது. பட்டியலில் உள்ள ஜமால்களும் ஸலாம்களும் அஜீஸ்களும் தலையிழந்தும் காலிழந்தும் நின்றனர். நல்லவேளையாக அது படியின் படியே ஆதலின், மூலத்திலிருந்து மீண்டும் தொடங்கினோம். புள்ளியிடாத ஓலைச்சுவடிகளைப் பார்த்துப் பழகியோர் 'மால' என்பதைக் கண்டவுடன் ஐயுறுவர். 1842இல் சீறாப்புராணத்தை அச்சேற்றிய செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிமும், கும்பகோணத்தில் ஆசிரியப் பணி புரிந்துகொண்டே சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும் சுவடிகளில் எதிர்கொண்ட வேலையின் சிறு துளியே இது. எழுத்தாணிக்கு மாறாக எழுத்துரு, அவ்வளவே.

ஊர்ப்பெயர்களில் சிக்கல் வேறு வகையது. நம் ஊரையே ஒருவர் கீழ்வேளூர் என்றும், ஒருவர் கீவளூர் என்றும், மற்றொருவர் கீழவேளூர் என்றும் தட்டச்சிட்டிருந்தனர். தேடினால் மூன்றும் வெவ்வேறு ஊர்கள். இவற்றை ஒன்றாகத் திருத்திவிடலாமே என்றனர் மாணவர். மூலப் பதிவைத் திருத்துவதில்லை என முடிவு செய்தோம். திரையில் மட்டும், ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டும் வரும்படி செய்தோம். எந்த மாணவர் எந்தப் பதிவை எழுதினார் என்பதற்கு அந்த எழுத்துவழக்கு ஒன்றே இன்று எஞ்சியுள்ள அடையாளம்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடலாம். மாற்றிய தமிழை மீண்டும் அதே டிபிஎஃப் கோப்பினுள் எழுதி வைத்தல் கூடாது. 'தமிழ்' என்னும் சொல் பழைய முறையில் 5 பைட்டு. யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் 15 பைட்டு. நாற்பது இடம் ஒதுக்கிய ஆசிரியர் புலத்தில் பெயர்கள் பாதியில் அறுந்துபோகும். ஆகவே பழைய கோப்பு தொடப்படாமல் அப்படியே இருக்க, மாற்றிய வடிவம் வேறொரு கோப்பாக வைக்கப்பட்டுள்ளது. எந்த எழுத்துரு, எந்தப் பொருத்தப் பட்டியல், எந்த விதி என்பனவும் அதனுடன் தாளில் அச்சிட்டு அலமாரியில் வைக்கப்பட்டுள்ளன.

நீக்கியும் நீங்காதவை

பதிவு ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அடையாளப் பைட்டு ஒன்று உண்டு என்றோம். அது வெற்றிடமாயின் பதிவு உயிருடன் உள்ளது, உடுக்குறியாயின் நீக்கப்பட்டது. பாக்ஸ்புரோவில் ஒரு பதிவை நீக்குமாறு கட்டளையிட்டால் அது உடனே அழிவதில்லை. உடுக்குறி மட்டும் இடப்படும். 'பேக்' என்னும் கட்டளையைப் பின்னர் இட்டாலன்றி அப்பதிவு கோப்பினுள்ளேயே இருக்கும். நீக்கக் குறியுள்ளவற்றைக் காட்டாமலே விடும் மென்பொருள்களும் உண்டு. நாமே எழுதிய பக்கமாதலின் அவற்றையும் வேறு நிறத்தில் காட்டச் செய்தோம்.

412 பதிவுகளில் ஒன்பது அவ்வாறு இருந்தன. எட்டினைப் பற்றி ஐயமில்லை. ஒரே நூலை இருமுறை பதிந்து, ஒன்றை நீக்கியுள்ளனர். ஒன்பதாவதற்கு மட்டும் இணை இல்லை. நூற்பெயர்ப் புலத்தில் 'முன்பக்கம் இல்லை, அரபுத்தமிழ்க் கையெழுத்து' என்றுள்ளது. ஆசிரியர் புலம் வெறுமை. ஆண்டு சுழி. ஊர் கீவளூர். உடையவர் பெயர் உள்ளது. அதனை இங்கு எழுதுதல் முறையன்று. அவ்வில்லத்தார் வெளியூர் பெயர்ந்து பல ஆண்டுகளாயின என்று அத்தெருவில் விசாரித்து அறிந்தோம். ஏடு அவர்களுடன் சென்றதா, முன்னரே அழிந்ததா, ஏன் இப்பதிவு நீக்கப்பட்டது என்பதற்கு விடை குறிப்புப் புலத்தில் இருந்திருத்தல் வேண்டும்.

அக்குறிப்புத்தான் நம்மிடம் இல்லை. நீண்ட குறிப்புகளைப் பாக்ஸ்புரோ அட்டவணையினுள் வைப்பதில்லை. எஃப்பிடி என்னும் விரிவுடைய தனிக்கோப்பில் வைத்து, அது எங்குள்ளது என்னும் எண்ணை மட்டும் அட்டவணையில் பத்து இடத்தில் எழுதும். அந்தத் தனிக்கோப்பு இரண்டாம் நெகிழ்வட்டில் இருந்தது. இணைக்கோப்பு இல்லையேல் பாக்ஸ்புரோவே இவ்வட்டவணையைத் திறக்க மறுத்துவிடும்; பெற்ற தாய் மறுப்பதை உலாவி ஏற்றுக்கொண்டு, உள்ளவரையில் காட்டுகிறது. பொதுவான மென்பொருளை நம்பாமல் நாமே படிக்கும் முறையை மேற்கொண்டதன் முதற்பயன் இதுவே.

சுட்டெண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்று செய்து பார்த்தோம். குறிப்புக் கோப்பு 64 பைட்டுக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டது என்பது பாக்ஸ்புரோவின் வழக்கமான அமைப்பு. ஒவ்வொரு குறிப்பின் தொடக்கத்திலும் 8 பைட்டு அதன் நீளம் முதலியவற்றுக்குப் போகும். பின்னர்த் திருத்தாமல் வரிசையாக எழுதப்பட்டிருந்தால், ஒரு சுட்டெண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியே குறிப்பின் நீளத்தைக் காட்டிவிடும். பெரும்பாலான பதிவுகளில் இடைவெளி இரண்டு அல்லது மூன்று. 'அட்டை சிதைந்துள்ளது', 'நாகூரில் அச்சிடப்பட்டது' என்பன போன்ற ஓரிரு தொடர்களுக்கு அது போதும். நீக்கப்பட்ட ஒன்பதாம் பதிவில் சுட்டெண் 946. அடுத்த பதிவில் 963. இடைவெளி பதினேழு. 1017 எழுத்துக் குறிகளுக்குக் குறையாமலும் 1080க்கு மேற்படாமலும் அக்குறிப்பு இருந்திருத்தல் வேண்டும். பட்டியலிலேயே மிக நீண்ட குறிப்பு அது. நீக்கப்பட வேண்டிய பதிவு ஒன்றுக்கு ஒரு மாணவர் ஏறத்தாழ ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்.

அதனை எழுதியவர் யார் என்பது தெரியவில்லை. ஊரைக் கீவளூர் என்று எழுதும் வழக்குடையவர் என்பது மட்டும் தெரிகிறது. அந்நாளில் தட்டச்சிட்ட மாணவர்கள் தம் படியாக நெகிழ்வட்டுகளை எடுத்துச் சென்றதுண்டு. 1997 முதல் 2000 வரை நம் துறையில் பயின்றோர் எவரிடமேனும், பழைய பெட்டியிலோ மேசை இழுப்பறையிலோ அத்தகைய நெகிழ்வட்டு இருப்பின் துறைக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். எஃப்பிடி என முடியும் கோப்பு அதில் இருக்கிறதா என்று தாமே திறந்து பார்க்க முயல வேண்டா. தகட்டில் பூஞ்சணம் இருந்தாலும் துடைக்க வேண்டா. தாளில் சுற்றி, காந்தமுள்ள பொருள்களிலிருந்து விலக்கி, உள்ளபடியே கொணர்ந்தால் போதும்.